இரண்டு பல் தள்ளி

வண்டி கழுவுவதில் செல்வதாஸை மிஞ்ச குளச்சல் பக்கத்தில் ஆள் கிடையாது. அவனுடைய பெரிய பயமும் அதுதான். தினமும் ஆறு மீன்காரிகளையும் அவர்களுடைய அகன்ற அலுமினியச் சருவங்களையும் சுமந்துவிட்டு வருகிற வேன் அது என்று வெளியே இருந்து பார்க்கிற யாரும் சொல்ல மாட்டார்கள். மூக்கை உள்ளே நீட்டினால் மட்டும் தெரியும். சக்கரத்தின் உள்பக்கம், கதவின் கீல், சீட்டுக்கு அடியில் இருக்கிற இரும்புச் சட்டம் என்று மற்றவர்கள் நினைத்தே பார்க்காத இடமெல்லாம் அவன் துணி போகும். ‘இந்த வேலைய எங்கலே படிச்சே?’ என்று எவனாவது ஒருநாள் கேட்டுவிடுவான் என்று பயந்து, வண்டியை வீட்டுக்குப் பின்னால் கொண்டுபோய் மதிலோடு ஒட்டி நிறுத்தித்தான் கழுவுவான்.

சவுதியில், தமாமில் எட்டு வருடம் இருந்தான். விசாவில் மெக்கானிக் என்றுதான் போட்டிருந்தது. போய் இறங்கியதும் ஒர்க்‌ஷாப்பின் பின்பக்கத்தைக் காட்டி, தண்ணீர்க் குழாயையும் பிரஷையும் கையில் கொடுத்தார்கள். எட்டு வருடமும் அந்தக் குழாயை அவன் கீழே வைக்கவில்லை. மூன்றாம் வருடம் லீவில் வந்தபோது ஷீஜாவைப் பேசி முடித்தார்கள். கல்யாணக் கார்டில் அவன் பெயருக்குக் கீழே ‘மெக்கானிக், சவுதி அரேபியா’ என்று அச்சாகியிருந்தது. கோவிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசித்து, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லவேண்டும் என்று சாமியார் கேட்டபோது, தடை தெரிந்த ஒரே ஆள் கடைசி வரிசையில் தலையைக் குனிந்து நின்றுகொண்டிருந்தான்.

பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தான். ஆனால் ஷீஜாவுக்கு அந்தச் சொல்லின்மேல் அவ்வளவு ஆசை. தெருவில் யாருடைய பைக் நின்றாலும், யார் வீட்டு மிக்சி ஓடாவிட்டாலும், ‘எங்க வீட்டுல அவிய வரட்டு, காட்டுவோம்’ என்பாள். ‘டூல்ஸ் எல்லாம் தமாம்ல கெடக்குட்டி’ என்று சொல்லி அவன் நழுவிக்கொள்வான். 2009-இல் வேலையை முடித்துக்கொண்டு ஊருக்கு வந்து, பழைய பெட்ரோல் வேன் ஒன்றை வாங்கி, குளச்சலில் இருந்து திருவட்டாறு சந்தைக்கு மீன்காரிகளை ஏற்றிக்கொண்டு போகத் தொடங்கினான். மாமியார் நேசம்மாளும் அந்த ஆறு பேரில் ஒருத்தி. முன்சீட்டு அவளுக்கு.

மாசி மாதம் ஆயில் மாற்றப் போனபோது, தக்கலையில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிற சுஜின் சொன்னான்:

“அண்ணே, டைமிங் பெல்ட்டுல வெடிப்பு விழுந்திருக்கு. நான் உங்களுக்குச் சொல்லணுமா? எத்தர பெல்ட்டு மாத்தின கையி!”

சுஜினுக்கு இருபத்தாறு வயது. சாயா குடிக்க நிற்கும்போதெல்லாம் தமாம் கதை கேட்பான். அங்கே வந்த பெரிய பெரிய வண்டிகளைப் பற்றி செல்வதாஸ் சொல்லுவதை வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருப்பான்.

புது பெல்ட்டை வாங்கி வந்து, ‘உடம்புக்குச் சுகமில்ல, சுஜின்கிட்டக் குடுத்திரலாம்’ என்று பைய ஆரம்பித்தான் செல்வதாஸ். ஷீஜா விடவில்லை.

“மெக்கானிக்க வீட்டுல வச்சிட்டு வண்டிய ஒர்க்‌ஷாப்புல கொண்டு போய் விட்டா, ஆளுவ எப்பிடிச் சிரிப்பாவன்னு உங்களுக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை பூசை கழிஞ்சி வந்து மாத்துங்க. நான் கூட நிக்கேன்.”

வேலையை அவன் பார்க்காதவன் இல்லை. கழுவுகிற இடத்துக்கு நேர் எதிரேதான் மெக்கானிக்குகள் நின்றார்கள். பெல்ட்டைக் கழற்றுவதற்கு முன்னால் அவர்கள் வெள்ளை பெயின்டால் ஒரு கோடு போட்டுக்கொள்வதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறான். கீழே எஞ்சினோடு சுற்றுகிற சின்னச் சக்கரம். மேலே வால்வுகளைத் திறந்து மூடுகிற கேமைச் சுற்றுகிற பெரிய சக்கரம். இரண்டையும் சேர்த்துப் பிடித்திருக்கிறது பல் வைத்த ரப்பர் பெல்ட். பழையதில் எந்தப் பல் எங்கே நின்றதோ, புதியதிலும் அங்கேயே நிற்கவேண்டும். அவ்வளவுதானே என்று நினைத்தான்.

“எட்டி ஷீஜா, உனக்க கியூடெக்ஸ் இருக்கா?”

“என்னத்துக்கு? நகத்துக்கா?”

“அடையாளம் வைக்க.”

சிவப்புக் குப்பியைக் கொண்டு வந்து அவளே இரண்டு சக்கரத்திலும் பொட்டு வைத்தாள். தலையைச் சாய்த்து அழகு பார்த்தாள். 

“தமாம்லயும் இதுதானா?”

“அங்க வேற பெயின்டு” என்றான். அதில் பொய் இல்லை.

அவள் கறியைப் பார்க்க உள்ளே போனாள். அவன் பழைய பெல்ட்டை உருவினான். உருவிய இடத்தில் எத்தனையோ வருடத்து எண்ணெய்ப் பிசுக்கு கறுத்துக் கட்டியாகப் பிடித்திருந்தது. அழுக்கைக் கண்டதும் அவன் கை பிரஷைத் தேடியது. சிரட்டையில் பெட்ரோல் ஊற்றி, பல் இடுக்குகளை ஒவ்வொன்றாகத் தேய்த்தான். சக்கரத்தைச் சுற்றிச் சுற்றித் துடைத்தான். நெஞ்சு லேசாக இருந்தது. தனக்குத் தெரிந்த வேலையைச் செய்கிறவனின் நிம்மதி. முக்கால் மணி நேரத்தில் அந்த இடம் கடையில் இருந்து எடுத்து வந்த பாத்திரம்போல மின்னியது. புது பெல்ட்டைக் கையில் எடுத்துச் சிவப்புப் பொட்டைத் தேடினான்.

சிவப்பு, துணியில் இருந்தது.

சுத்தமான சக்கரத்தில் இப்போது சின்னச் சின்ன குறிகள் தெரிந்தன. ஒரு குழி, ஒரு கீறல். எது எதற்கென்று அவனுக்குத் தெரியாது. எதிரே நின்று பார்த்தவனுக்கு அதெல்லாம் தெரிந்ததே இல்லை. நினைவில் இருந்த மாதிரி திருப்பி வைத்து, பெல்ட்டை மாட்டி, மூடியைப் பூட்டினான்.

“கழிஞ்சா?” சாயாவோடு வந்தாள் ஷீஜா.

“கழிஞ்சு.”

சாவியை இரண்டாவது தடவை திருப்பியதுமே எஞ்சின் உயிர்பிடித்தது. ஷீஜா கை தட்டினாள். சத்தத்தில் ஒரு நொண்டல் இருந்தது. அவனுக்குக் கேட்டது. “புது பெல்ட்டு, ஓடி ஓடிச் சரியாவும்” என்று, அவள் கேட்காமலேயே சொன்னான்.

மறுநாள் விடியும்போது ஆறு சருவமும் ஏறின. சாளையும் அயிலையும். மேலே ஐஸ், அதன்மேல் நனைத்த சாக்கு. தக்கலை வரைக்கும் வண்டி முக்கி முனகி வந்துவிட்டது.

“என்னலே செல்வா, வண்டி இருமுது?” பின்சீட்டில் இருந்து இசபெல் கேட்டாள். ஆறு பேரிலும் நீளமான நாக்கு அவளுக்குத்தான்.

நேசம்மாள் திரும்பிப் பார்த்தாள். “புது பெல்ட்டு போட்டிருக்காவ மருமவன். நேத்து ஒத்தைக்கு இருந்து போட்டாவ. மத்த பயலுவளா இருந்தா ரெண்டு நாளு ஆக்கியிருப்பானுவ.”

“போட்டது நல்லதுதான். ஏத்தம் ஏறணுமே” என்றாள் இசபெல்.

ஏறவில்லை. திருவட்டாறு ரோட்டில் ரப்பர் தோட்டத்தை ஒட்டிய ஏற்றத்தில் எஞ்சின் படார் படார் என்று வெடித்தது, பிறகு நின்றது. பெண்கள் இறங்கித் தள்ளினார்கள்.

“ஏட்டி குளோரி, தள்ளுதியா, சாஞ்சி நிக்கியா?” என்றாள் இசபெல்.

“உனக்க நாக்க வண்டியில இருந்து இறக்குட்டி. பாதி கனம் குறையும்.”

சிரித்துச் சிரித்துத் தள்ளியும் பத்து அடி போகவில்லை. நேசம்மாள் தன் போனை எடுத்துக் கொடுத்தாள். செல்வதாஸ் சுஜினைக் கூப்பிட்டான். கூப்பிடும்போதே, மூடியைத் திறந்து பார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ‘வண்டி இழுக்கல்ல’ என்று மட்டும் சொன்னான்.

ஏழரைக்கு சுஜின் பைக்கில் வந்தான். முன்சீட்டைத் தூக்கினான். கீழே எஞ்சின் வெயிலில் பளபளத்தது.

“அம்மோ! அண்ணே, இவ்வளவு சுத்தமா ஒரு எஞ்சின நான் கண்டதே இல்ல!”

“நேத்துதான் புது பெல்ட்டு போட்டாவ” என்று சொல்லி நேசம்மாள் மற்றவர்களைப் பெருமையாகப் பார்த்தாள். செல்வதாஸ் ரோட்டைப் பார்த்தான்.

சுஜின் பெட்ரோல் குழாயைக் கழற்றிப் பார்த்தான், வந்தது. பில்டரை ஊதினான். பிளக்குகளைக் கழற்றி, கறுப்பைச் சுரண்டித் திரும்பப் போட்டான். கார்பரேட்டரைத் திறந்து சுத்தம் செய்தான். ஒவ்வொன்றுக்கும் பிறகு ஸ்டார்ட் செய்யச் சொன்னான். ஒவ்வொரு தடவையும் அதே நொண்டல், அதே வெடி. கடைசியில் பெல்ட் மூடியின்மேல் கையை வைத்தான். சுஜின் கையை எடுத்துவிட்டான்.

“இது நேத்து அண்ணன் போட்டதில்லியா. இதுல ஒண்ணும் இருக்காது. இனி என்னதான் கேடு?”

செல்வதாஸ் கீழே கிடந்த ஸ்பானரை எடுத்துத் துணியால் துடைக்கத் தொடங்கினான்.

வெயில் ரப்பர் மரங்களுக்கு மேலே வந்துவிட்டது. சருவங்களில் இருந்து ஐஸ் தண்ணீர் வேனின் தரை வழியே ரோட்டில் சொட்டி, ஒரு வாய்க்கால்போல ஏற்றத்தில் கீழே ஓடியது. இசபெல் சாக்கை விலக்கி ஒரு சாளையை எடுத்துப் பார்த்தாள்.

“கண்ணு செவக்குது. இன்னும் ஒரு மணிக்கூரு இப்பிடி நிண்ணா வயிறு இளகிரும். பொறவு தெங்குக்கு உரம்தான்.”

“அந்தோணியாரே, ஒரு வழி காட்டும்” என்றாள் குளோரி.

பிளக்குகளுக்குத் தீப்பொறியைப் பிரித்து அனுப்புகிற டிஸ்டிரிபியூட்டரை சுஜின் லேசாகத் திருப்பி வைத்தான். எஞ்சின் சத்தம் கொஞ்சம் திடமானது. வண்டி நகர்ந்தது. பெண்கள் கூவிக்கொண்டு பின்னாலே ஓடினார்கள். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த செல்வதாஸுக்கு, களவு செய்து தப்பித்தவனுக்கு வருகிற மாதிரி ஒரு சந்தோஷம் வந்தது. இருபது கஜம் போயிருக்கும். படார். நின்றது.

சுஜின் நெற்றியைத் துடைத்தான். “இனி எஞ்சின் ஹெட்டு கழத்திப் பாத்தாத்தான் தெரியும் அண்ணே. கெட்டி இழுத்துட்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போவணும். நாளைக்குக்கூடக் கழியாது.”

நேசம்மாள் மகளுக்குப் போன் செய்து, விஷயத்தைச் சொல்லி, போனை சுஜின் கையில் கொடுத்தாள். அவளுக்குக் காது கொஞ்சம் மந்தம். போன் எப்போதும் சத்தமாகத்தான் பேசும். நடுரோட்டில் ஷீஜாவின் குரல் எல்லாருக்கும் கேட்டது.

“சுஜின் தம்பியா? பெல்ட்டுல கை வைக்காண்டாம், கேட்டியா? அது அவிய போட்டது. எட்டு வருசம் இதே வேலை பாத்தவிய. தப்பவே தப்பாது. நீ வேற எங்கயாச்சும் பாரு மக்கா. இல்லேண்ணா அவியகிட்டயே கேளு, சொல்லித் தருவாவ.”

சுஜின் போனோடு திரும்பி அவனைப் பார்த்தான். அந்தப் பார்வையில் சந்தேகம் துளியும் இல்லை. சொல்லித் தருவார் என்று காத்து நின்றான். அதுதான் செல்வதாஸால் தாங்க முடியாமல் போனது.

“டைமிங்கப் பாரு சுஜின்.”

“அது நீங்க போட்டதில்லியா?”

“அதுனாலதான் சொல்லுதேன்.” பெல்ட் மூடியைக் கை நீட்டிக் காட்டினான். “அடையாளம் வச்சேன். அழுக்கு இருக்குன்னு பெட்ரோல் விட்டுக் கழுவிட்டேன். அடையாளமும் போச்சு. பொறவு ஒரு ஊகத்துல போட்டேன். எனக்குப் பெல்ட்டு போடத் தெரியாது. தமாம்ல நான் மெக்கானிக் இல்ல. வண்டி கழுவுத ஆளு.”

போனில் மிக்சி ஓடுகிற சத்தம் மட்டும் வந்தது, அது நின்றது. பிறகு லைன் கட்டானது.

முதலில் சிரித்தது இசபெல்தான். சத்தமாக, தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். கூடச் சிரிக்க யாரும் இல்லாததால் அவளும் நிறுத்தினாள். நேசம்மாள் சேலைத் தலைப்பைச் சுருட்டித் தலையில் சும்மாடு வைத்தாள். “ஏட்டி குளோரி, ஒரு கை பிடி” என்றாள். சருவம் தலைக்கு ஏறியது. மருமகன் பக்கம் திரும்பாமல், தோட்டத்துக்குள் போகிற செம்மண் பாதையில் இறங்கி நடந்தாள். “மீனேய்... சாளே...” என்ற குரல் மரங்களுக்கு நடுவே போனது. மற்றவர்களும் ஒவ்வொருத்தியாகச் சருவத்தை ஏற்றிக்கொண்டு, ஆளுக்கொரு பாதையாகப் பிரிந்தார்கள். சந்தையில் உட்கார்ந்து கூறு வைத்து விற்கிறவர்கள், இன்று வீடு வீடாக ஏறி இறங்கவேண்டும்.

சுஜின் மூடியைத் திறந்தான். சக்கரத்தின் குழியை ஒரு குறிக்கு நேராக வைத்துப் பார்த்து, விரலால் எண்ணினான்.

“ரெண்டு பல்லு தள்ளி இருக்கு.” பிறகு, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: “முதல்லயே சொல்லியிருந்தா முக்கால் மணிக்கூரு வேலைதான் அண்ணே.”

பெல்ட்டைத் தளர்த்தி, சக்கரத்தைத் திருப்பி, திரும்ப மாட்டினான். கையால் எஞ்சினை இரண்டு சுற்றுச் சுற்றி மறுபடியும் குறியைப் பார்த்தான். தமாம் கதை எதுவும் கேட்கவில்லை. ஸ்டார்ட் செய்ததும் எஞ்சின் ஒரே சீராக ஓடியது. அந்தச் சத்தம் காதில் விழ, செல்வதாஸுக்கு முகம் சுட்டது.

மதியம் பாதைகளின் முனையில் நின்றுநின்று ஒவ்வொருத்தியாக ஏற்றிக்கொண்டான். நேசம்மாள் பின்சீட்டில் ஏறினாள். காலியான முன்சீட்டில் இசபெல் வந்து உட்கார்ந்தாள். அவளுடைய சருவத்தில் பாதிச் சாளை மிஞ்சியிருந்தது. தக்கலை தாண்டும்வரை வாயைத் திறக்கவில்லை. அது அவளுக்குப் பெரிய விரதம்.

“நீ அங்க குண்டி கழுவினாலும் எனக்கு ஒண்ணும் இல்லலே செல்வா” என்றாள் கடைசியில். “வண்டி வழியில நிண்ணதுக்கும் கோவம் இல்ல. எந்த வண்டியும் நிக்கும். ஆனா உனக்குத் தெரியும். தெரிஞ்சிட்டே ஒண்ணரை மணிக்கூரு வாய மூடிட்டு நிண்ண பாரு, எனக்க ஐஸு உருகுதத பாத்துட்டு. அத நெனச்சாத்தான் வயிறு எரியுது.”

அவன் எட்டு வருடப் பொய்க்கு ஆயிரம் சாக்கு வைத்திருந்தான். அந்த ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு சாக்கும் இல்லை.

வீட்டுக்குப் பின்னால் அம்மிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஷீஜா மரச்சீனிக் கிழங்கு தோலுரித்துக்கொண்டிருந்தாள். கண் வீங்கியிருந்தது. அவன் வந்து நின்றதும் நிமிரவில்லை.

“எட்டு வருசமுமா?”

“ம்.”

“ஒரு நாளுகூட ஒரு ஸ்பானர் பிடிச்சதில்லியா?”

“எடுத்துக் குடுத்திருக்கேன்.”

கத்தி கிழங்கில் ஏறி இறங்கியது.

“வெள்ளியாழ்ச்ச தோறும் போன்ல கேப்பேனே, இந்த வாரம் என்ன வண்டியெல்லாம் வந்துன்னு. ஒவ்வொண்ணா சொல்லுவியளே. கறுப்பு வண்டி, ஷேக்குக்க வண்டி, நாலு கதவு, ஆறு கதவுன்னு.”

“வந்த வண்டிதான் ஷீஜா. அது பொய் இல்ல. கழுவ வந்த வண்டி.”

“அத நான் கொண்டு போய் புதனாழ்ச்ச நவநாள் ஜெபத்துல வச்சு எல்லாருகிட்டயும் சொல்லுவேன். எங்க அவியகிட்ட ராஜா வண்டி வந்துன்னு. ஒவ்வொருத்தி மொகமும் இப்பம் எனக்க கண்ணுக்கு முன்ன நிக்குது. இனி புதனாழ்ச்ச நான் எந்த மொகத்த வச்சிட்டுக் கோவிலுக்குப் போவேன்?”

“சொல்லிரலாம்னுதான் நெனச்சேன். நீ மெக்கானிக்குன்னு சொல்லும்போ உனக்க மொகத்தப் பாத்தா...”

“எனக்க மொகத்தச் சாக்குச் சொல்லாதீங்க.” கத்தியைக் கீழே வைத்தாள். “எனக்க மொகத்துக்கு எதுவும் வேண்டியிருக்கல்ல. நீங்க பெண்ணு பாக்க வந்த அண்ணைக்கே, அங்க ஏமாத்திப்போட்டானுவன்னு சொல்லியிருந்தா நான் உங்களக் கெட்டமாட்டேன்னு சொல்லியிருப்பனா? சொல்லியிருக்கவும் செய்வேன். அது எனக்குத் தெரியல்ல. இனித் தெரியவும் செய்யாது. அதையும் நீங்க எடுத்துட்டிய.”

தென்னையில் காக்கை ஒன்று கத்திவிட்டுப் போனது. அவன் நின்ற இடத்திலேயே குத்தவைத்து உட்கார்ந்தான். போய்விடு என்று சொல்லுவாள் என்று எதிர்பார்த்தான். போவதற்குத் தயாராகவும் இருந்தான்.

“சொல்லுங்க” என்றாள்.

“என்னத்த?”

“எல்லாத்தையும். முதல் நாள்ல இருந்து. அஞ்சு வருசம் குடும்பம் நடத்தியாச்சு, உங்கள எனக்கு யாருன்னு தெரியாது.”

எங்கே தொடங்குவது என்று அவனுக்குத் தெரியவில்லை. யாரிடமும் சொல்லாத கதை. மண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

“முதல் நாளு ஒரு ஜோடி ரப்பர் பூட்சு தந்தாவ. ரெண்டும் எடது காலு.”

ஷீஜா சிரிக்கவில்லை. “மாத்திக் கேக்கப்பிடாதா?”

“பாஷை தெரியாது. காலத் தூக்கிக் காட்டுனேன். எல்லாரும் சிரிச்சாவ. நானும் கூடச் சிரிச்சேன்.”

“எத்தர நாளு?”

“ஒரு வருசம். அடுத்த வருசம்தான் வேற தந்தாவ.”

அவள் அவனுடைய வலது காலைப் பார்த்தாள். சுண்டுவிரல் பக்கத்து விரலின்மேல் ஏறி மடங்கிக் கிடந்தது. ஐந்து வருடமாகப் பார்க்கிற கால். பிறக்கும்போதே அப்படி என்று நினைத்திருந்தாள், கேட்டதில்லை. அவள் பார்ப்பது தெரிந்ததும் அவன் காலை உள்ளே இழுத்துக்கொள்ளப் போனான்.

“இழுக்காதீங்க.”

அடுத்த கிழங்கை எடுத்து, அதன் தோலில் கத்தியை வைத்தாள்.

“பொறவு?” என்றாள்.